கட்டில் நம்பர் பார்க்க வந்தவர்கள்

இணையத்தில் நடக்கும் இந்த ரோடு குழுவை நான் திருடினேன் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். இன்னும் சொல்லவில்லை என்றால், அட்மின் ஆன முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார்கள். அது உண்மைதான். இதை ஆரம்பித்தவர் நான் இல்லை. ஆரம்பித்தவரை ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தேநீர் குடிக்கிற பத்து நிமிடத்தில், அவர் கட்டிய குழுவிலிருந்தே வெளியே தள்ளினேன். அதற்காக இன்றுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை.

புதிதாகப் பொறுப்பெடுக்கும் நீங்கள் நால்வரும் என்னிடம் வந்து, "பத்மா அக்கா, எதை விடுறது, எதை நிறுத்துறதுன்னு ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுத்துட்டுப் போங்களேன்" என்றீர்கள். லிஸ்ட் விதிமுறைப் பக்கத்தில் இருக்கிறது. அதை வாசிக்க நான் தேவையில்லை. ஆனால் ஏழாவது விதி மட்டும் ஏன் மற்றவற்றைவிட மூன்று மடங்கு நீளமாக இருக்கிறது, விபத்துப் படம் கூடாது, வண்டி நம்பர் கூடாது, வார்டு நம்பர் கூடாது, கட்டில் நம்பர் கூடாது என்று ஏன் ஒன்றுவிடாமல் அடுக்கியிருக்கிறது என்பது அந்தப் பக்கத்தில் இல்லை. அதை எழுதிவிட்டுப் போகிறேன்.

நான் பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தேழு வருடம் சரிபார்ப்புப் பிரிவில் வேலை செய்தவள். பெல்ட்டில் ஓடிவரும் பிளாஸ்டிக் மூடிகளில் கோணலை எடுத்துச் சிவப்புக் கூடையில் போடுவது என் வேலை. கணினி யாரும் சொல்லித் தரவில்லை. கைப்பேசியைத் தட்டித் தட்டி, தப்பாகத் தட்டித்தான் பழகினேன். இந்தக் குழுவை ஆரம்பித்தவர் ஒரு லாரி ஓட்டுநர். எல்லாரும் அவரைத் தலைவர் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். வெள்ளம் வந்த ஒரு காலையில், எந்தப் பாதை முழுகியிருக்கிறது என்று ஷிப்டுக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல அவர் தொடங்கியது. நல்ல காரியம். என்னை அட்மின் ஆக்கியபோது அவர் சொன்னது ஒன்றுதான்: "அக்கா, நீங்க ஃபேக்டரில செய்யறதை இங்கயும் செய்யுங்க. கோணலைத் தூக்கிப் போடுங்க."

அப்படித்தான் செய்தேன். வட்டிக்குப் பணம் தருகிறேன் என்பவன், சிங்கப்பூரில் வேலை என்று பாஸ்போர்ட் படம் கேட்பவன், அழகான பெண் படத்தை முகப்பில் வைத்துக்கொண்டு மருந்து விற்பவன், எல்லாரையும் கூடையில் போட்டேன். தினமும் விடியும்போது ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்பும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவரை வெளியே போட எனக்கு மனசு வரவில்லை. "ஐயா, பூவுக்குப் பக்கத்துல ரோடு எப்படி இருக்குன்னு ஒரு வரி போடுங்க, விட்டுடறேன்" என்று எழுதினேன். அன்றிலிருந்து ரோஜாப்பூவும் வரும், "மாசாய் விளக்குச் சந்திப்பில் நெரிசல் இல்லை" என்ற செய்தியும் வரும். ஆள்களை வடிகட்டுவது இவ்வளவு லேசான வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொழிற்சாலைப் பேருந்தில் உட்கார்ந்து, அனுமதிக்குக் காத்திருந்த பதிவுகளை வழக்கம்போல் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டு வந்தேன். ஒன்று இப்படி இருந்தது: "பாலத்துக்கு முன்னாடி மோட்டார் விழுந்திருக்கு, ரெண்டு தடம் ஜாம், இடது பக்கம் ஒதுங்கிப் போங்க." நல்ல தகவல். போட்டவரும் நம்பகமான ஆள். வார்த்தைகளை வாசித்தேன், படத்தைப் பார்க்கவில்லை. விட்டேன். பேருந்து வாசலில் நின்றது. கைப்பேசியை லாக்கரில் பூட்டிவிட்டு உள்ளே போனேன். வேலை நேரத்தில் கைப்பேசி வைத்திருக்க எங்களுக்கு அனுமதி இல்லை.

ஒன்பதரைக்குத் தேநீர் இடைவேளை. கைப்பேசியை எடுத்தால் அந்தப் பதிவுக்கு அடியில் பின்னூட்டங்கள் மலைபோல் குவிந்திருந்தன. படத்தில் சாய்ந்து கிடந்த மோட்டார் சைக்கிளின் எண் பலகை பளிச்சென்று தெரிந்தது. நம்ம ஆட்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? விபத்தான வண்டியின் நம்பரை நாலு இலக்க லாட்டரியில் எடுத்தால் அடிக்கும் என்று தமிழரும் நம்புவார்கள், சீனரும் நம்புவார்கள். "நாலு நம்பர் தெளிவா இருக்கு, நன்றி அண்ணே!" "பெரிசா எடுக்கலாமா, சின்னதா எடுக்கலாமா?" "திருப்பிப் போட்டும் எடுங்க லா!" என்று ஒரே திருவிழா.

இப்போது நான் சொல்லப்போவதை உங்களில் யாரும் வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்க மாட்டேன். சொல்லுங்கள். நானும் அந்த நாலு நம்பரை ஒரு துண்டுத்தாளில் எழுதினேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஆ செங் அங்கிள் பக்கத்தில் நின்றார். சனிக்கிழமை தவறாமல் லாட்டரிக் கடைக்குப் போகிறவர். "அங்கிள், எனக்கும் ஒன்னு எடுங்க" என்று தாளை நீட்டினேன். "தங்கச்சி கொடுத்த நம்பர் நல்ல நம்பர் லா" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

தேநீரைக் குடித்துக்கொண்டே கீழே தள்ளித் தள்ளி வாசித்தேன். ஏழு ஐம்பதுக்கு ஒருத்தி எழுதியிருந்தாள். கலைவாணி என்று பெயர்.

"இது எங்க வீட்டுக்காரர் மோட்டார். எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்கன்னு யாருக்காச்சும் தெரியுமா?"

அதற்கு அடியில் ஒருவன்: "அக்கா, அவரு ஐ.சி. கார்டுல கடைசி நாலு நம்பர் என்ன?"

இன்னொருவன்: "அக்கா, வீட்டு நம்பரும் சொல்லுங்க."

ஒன்றேமுக்கால் மணி நேரம். ஆயிரக்கணக்கான பேர் இருக்கிற குழுவில், அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. அவள் மறுபடியும் இரண்டு தடவை கேட்டிருந்தாள். மூன்றாவது தடவை "ப்ளீஸ்" என்று மட்டும்.

கோணலை எடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவளின் கை எழுதிய தாள் அப்போது ஆ செங்கின் பையில் இருந்தது. நம் வேலையைச் செய்கிறவர்கள் மற்றவர்களைவிடச் சுத்தமானவர்கள் என்ற நினைப்பு உங்களுக்கு வரும். வரும்போது இந்தத் தாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

பதிவை உடனே அழிக்கத்தான் விரல் போனது. நிறுத்திக்கொண்டேன். அழித்தால் அவள் கேள்வியும் சேர்ந்து அழியும்; அவளும் கையைவிட்டுப் போய்விடுவாள். முதலில் அவளுக்குச் செய்தி அனுப்பி எண் வாங்கினேன். குழுவில் ஒரு தம்பி அரசாங்க மருத்துவமனையில் நோயாளிகளின் தள்ளுவண்டி தள்ளுகிறவர். அவரை அழைத்தேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: ஆள் அங்கேதான் இருக்கிறார், தொடை எலும்பு உடைந்திருக்கிறது, உயிருக்கு ஆபத்தில்லை. கலைவாணியை அழைத்துச் சொன்னேன். அவளும் ஒரு தொழிற்சாலை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்றிருக்கிறாள். "இருக்காரா அக்கா? இருக்காரா?" என்று அதையே கேட்டாள். "இருக்காரும்மா, போ" என்றேன். அதற்குப் பிறகுதான் பதிவை அழித்தேன். இந்த வரிசையை மறக்காதீர்கள். முதலில் மனுஷி, பிறகு குப்பை.

மணி அடித்துவிட்டது. ஓடிப்போய் ஆ செங்கிடம் தாளைத் திருப்பிக் கேட்டு, அவர் கண் முன்னாலேயே கிழித்தேன். "அலாமாக், என்ன தங்கச்சி இது?" என்றார். "அது ஒரு ஆளு அங்கிள், நம்பர் இல்ல" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கும் அப்போதுதான் புரிந்துகொண்டிருந்தது.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு சின்னத் தவறு. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் அந்த நம்பர் அடித்துவிட்டது.

சும்மா இல்லை, பெரிய பரிசு. குழுவில் எத்தனை பேர் எடுத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது; எடுத்தவர்கள் எல்லாரும் கத்தினார்கள் என்பது தெரியும். நான் அழித்த படத்தை யார் யாரோ சேமித்து வைத்திருந்தார்கள். அது மாலை போட்டு, விளக்கு வைத்து, பூ தூவிய அலங்காரத்தோடு பின்னூட்டங்களில் திரும்ப வந்தது. திங்கள் காலை ஆ செங் என் முன்னால் ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, நீ கிழிச்சது தாள் இல்ல. என் வீட்டுக் கூரை." அந்த வாசகத்தை இன்றைக்கும் நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். அன்றைக்கு வரவில்லை. ஏனென்றால் அதற்கு முன்பே கலைவாணி அழைத்திருந்தாள்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்கு ஆளுங்க வராங்க."

"சொந்தக்காரங்களா?"

"யாருன்னே தெரியல அக்கா. ஆப்பிள், ஆரஞ்சு வாங்கிட்டு வராங்க. வந்து கட்டில் நம்பரைப் பார்க்கறாங்க. கையில மாட்டியிருக்க பட்டையைத் திருப்பிப் பார்க்கறாங்க. நேத்து ஒருத்தரு குனிஞ்சு, 'அண்ணே, ராத்திரி கனவு ஏதாச்சும் வந்துச்சா?'ன்னு கேக்குறாரு. இவரு தூங்கவே மாட்டேங்கறாரு அக்கா. 'தூங்கினா கனவு என்னன்னு கேப்பானுங்க, நான் என்ன சாமி சிலையா?'ன்னு அழுவுறாரு."

அவள் கணவருக்குத் திங்கட்கிழமை நடந்திருக்க வேண்டிய அறுவைச் சிகிச்சையைத் தள்ளிவைத்துவிட்டார்கள். இரத்த அழுத்தம் இறங்கவே இல்லை. நன்றாகத் தூங்கி ஓய்வெடுத்தால் புதன்கிழமை செய்யலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தாதிகள் வருகிறவர்களை விரட்டினார்கள். வேறு கட்டிலுக்கு மாற்றினார்கள். அரை மணி நேரத்தில் புதுக் கட்டிலின் நம்பரும் நம் குழுவில் வந்தது. "நர்ஸ் மிஸ்ஸி மாத்திட்டாங்க, புது நம்பர் இதுதான், சீக்கிரம் எடுங்க!"

அந்த மனிதர் தொடையில் எடை கட்டித் தொங்கவிட்டபடி படுத்துக் கிடக்கிறார்; அவரால் திரும்பிக்கூடப் படுக்க முடியாது. அவரைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்தது நம் குழு. நான் கதவைத் திறந்துவிட்ட குழு.

திங்கள் இரவுக்குள் ஒவ்வொன்றாக அழித்தேன். அழித்ததைத் திரும்பப் போட்டவர்களை வெளியே போட்டேன். அதில் என் சொந்தத் தம்பியும் ஒருவன். "அக்கா, என்னையா?" என்று வாட்சாப்பில் கேட்டான். "உன்னைத்தான்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் பேருந்தில் ஏறிக் குழுவைத் திறந்தால், எல்லாவற்றுக்கும் மேலே தலைவரே ஒரு பதிவைப் பொருத்தி வைத்திருந்தார். அவருக்கும் அடித்திருந்தது. நன்றி சொல்லி, மோட்டார் படம், கலைவாணியின் முகப்புப் படம், வார்டு, புதுக் கட்டில் நம்பர் எல்லாம் போட்டு, "நேரில் சென்று வாழ்த்துங்கள் உறவுகளே" என்று எழுதியிருந்தார். எடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். தேநீர் நேரத்தில் லாக்கரைத் திறந்ததும் அழைப்பு வந்தது.

"அக்கா, என் போஸ்டை எடுத்தது நீங்களா?"

"நான்தான் தலைவரே."

"ஏன்கா? ஜனங்க எவ்ளோ சந்தோஷமா இருக்காங்க பார்த்தீங்களா? இத்தனை வருஷமா ரோடு ரோடுன்னு கத்தினேன், ஒருத்தன் தேங்ஸ் சொல்லியிருப்பானா? இப்பதான் நம்ம குழுவுக்கே ஒரு மரியாதை வந்திருக்கு."

"அந்த மனுஷனால தூங்க முடியல தலைவரே. நாளைக்கு ஆப்பரேஷன்."

"அன்பாதானேக்கா போறாங்க? பழம் கொண்டு போறாங்க, அடிக்கவா போறாங்க? நம்ம காசு போட்டு அந்தக் குடும்பத்துக்கே ஒரு அங்பாவ் கவர் கொடுத்துடலாம்."

"அவங்க காசு கேக்கல. கட்டில் நம்பரைக் குழுவிலேர்ந்து எடுக்கச் சொல்றாங்க."

பிறகு அவர் குரல் மாறியது. கத்தவில்லை. அவர் கத்துகிற ஆள் இல்லை.

"சரக்கு இறக்கிட்டு மத்தியானம் வந்து அந்தப் போஸ்டைத் திரும்ப ஏத்துவேன். அதுக்கு முன்னாடி உங்க பேரையும் அட்மின்ல இருந்து எடுத்துருவேன். கோவிச்சுக்காதீங்க அக்கா. இது நான் ஆரம்பிச்ச குழு."

அழைப்பு துண்டானது. இடைவேளை முடிய நாலு நிமிடம் இருந்தது. அதன் பிறகு கைப்பேசி லாக்கரில். நான் மாலை வரை உள்ளே. மத்தியானம் அவர் பதிவு ஏறும். மூன்று மணிக்குப் பார்வையாளர் நேரம் ஆரம்பிக்கும்போது கட்டிலைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். நான் அட்மினாக இருக்க மாட்டேன்.

அந்த நாலு நிமிடத்தில் யாரிடமும் நான் கருத்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லாரும் நல்ல மனதோடு, "பேசித் தீர்த்துக்குங்க" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அட்மின் ஒருவர் இன்னொரு அட்மினை எடுக்கலாம். ஆரம்பித்தவர் யார், இடையில் வந்தவர் யார் என்பதெல்லாம் அந்தப் பட்டனுக்குத் தெரியாது. அவர் பெயரை அழுத்தினேன். "உறுதியாகவா?" என்று கேட்டது. அந்த மனிதர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. வெள்ளம் வந்த காலையில் என்னைப் போன்றவர்களுக்காகத்தான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று படம் எடுத்தவர். உறுதியாகத்தான் என்று அழுத்தினேன். பிறகு, நான் பார்க்காமல் எந்தப் பதிவும் எந்தப் பின்னூட்டமும் உள்ளே வரக்கூடாது என்று அமைத்தேன். லாக்கரைப் பூட்டினேன். மாலை வரை மூடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு எத்தனை கோணல் மூடி என் கையைத் தப்பிப் போனதோ, தெரியாது.

மாலை ஏழு மணிக்குப் பேருந்தில் ஏறிக் கைப்பேசியைத் திறந்தபோது நான் ஊரறிந்த திருடி ஆகியிருந்தேன். தலைவரின் நண்பர்கள் வேறொரு குழு தொடங்கி, என் படத்தைப் போட்டு எழுதியிருந்தார்கள். நம் குழுவிலிருந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் செருப்பை விடும்போது ஒருவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "குழுத் திருடி வந்துட்டாங்கப்பா, செருப்பைப் பத்திரமா வைங்க" என்றார். நான் நின்று திரும்பி, "பத்திரமா வைங்க அண்ணா. ஆனா குழுவுக்குப் பூட்டு மாத்தியாச்சு, அதைத் தேடி வராதீங்க" என்றேன். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் வேறு வரிசைக்குப் போய்விட்டார். உங்களையும் இப்படிப் பேசுவார்கள். தலை குனிந்து நடக்காதீர்கள். குனிந்தால் இவர்களுக்குக் கையில் வாளி கொடுத்த மாதிரி. நாள் முழுக்கத் தலையில் ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மருத்துவமனையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. கலைவாணி சொன்னதுதான். புது ஆட்கள் யாரும் வரவில்லை. பழைய பதிவைப் பார்த்து இரண்டு பேர் வந்தார்கள். தாதி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். பார்வையாளர் நேரம் முடியப்போகிற சமயத்தில், லாரிச் சட்டையோடு ஒருவர் ஆரஞ்சுப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறார். தலைவர்.

"தங்கச்சி, நான்தான் ரோடு குழுவை ஆரம்பிச்சவன். உங்களுக்குத் தொந்தரவுன்னு அந்தப் பத்மா சொல்றாங்க. நான் கெட்டவன் இல்லம்மா. நீங்களே அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, எங்களால உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லன்னு."

கலைவாணி அதிகம் பேசுகிற பெண் இல்லை. கணவர் அப்போதுதான் மூன்று நாளில் முதல் தடவையாகக் கண்ணயர்ந்திருந்தாராம். அவரை எழுப்பாமல் மெதுவாகக் கேட்டிருக்கிறாள்:

"சொல்றேன் அண்ணா. முதல்ல இவரு பேரு என்னன்னு நீங்க சொல்லுங்க."

தலைவருக்குப் பெயர் தெரியாது. மோட்டார் நம்பர் தெரியும், வார்டு தெரியும், இரண்டு கட்டில் நம்பரும் தெரியும். கண் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய பெயர் அட்டைக்குப் போனது. கலைவாணி எழுந்து அட்டையை மறைத்துக்கொண்டு நின்றாள். அவள் அப்படி நின்றதை என்னிடம் சொன்னபோது அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. இருக்கட்டும், அவளுக்கு உரிமையான பெருமை. அவர் பையைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இரவு முழுக்க அவள் கணவர் தூங்கினார். புதன்கிழமை அறுவைச் சிகிச்சை நடந்தது. அவர் பெயர் சேகர்; இப்போது நடக்கிறார். மழை நாளில் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பார். அவ்வளவுதான்.

குழுவிலிருந்து போனவர்களில் பாதிப்பேர், அடுத்த வெள்ளத்தின்போது ரோடு எப்படி என்று தெரியாமல் திரும்பி வந்தார்கள். என் தம்பியும் வந்தான். யாரிடமும் பழைய கதை கேட்காமல் சேர்த்துக்கொண்டேன்.

நாளை நீங்கள் உள்ளே போனதும், காத்திருக்கும் விண்ணப்பங்களில் மேலேயே ஒன்று இருக்கும். தலைவருடையது. வருடத்துக்கு இரண்டு தடவையாவது அனுப்புவார். சேர விரும்புகிறவர்கள் காரணம் எழுதும் கட்டத்தில் நிறைய எழுதுவார். குழுவை ஆரம்பித்தது யார், வெள்ளத்தில் நின்றது யார், வயதாகிவிட்டது, நடந்தது நடந்துவிட்டது என்று. போன தடவை வருத்தம் என்றுகூட எழுதியிருந்தார். வாசித்தேன். நான் கல் இல்லை. ஆனால் இத்தனை விண்ணப்பத்தில் ஒன்றிலாவது, அந்தக் கட்டிலில் கிடந்த மனிதரின் பெயரை அவர் எழுதியதில்லை. இரண்டு பேரிடம் விசாரித்தால் கிடைத்துவிடும் பெயர்.

என்றைக்கு எழுதுகிறாரோ, அன்றைக்கே அவரை உள்ளே விடுங்கள். என்னிடம் கேட்க வேண்டாம். ஆனால் பெயரை நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள்.